கூட்டல் குறியைக் கண்டு பயப்படலாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வளரும் பிள்ளைகளின் படிப்புக்கும் மனத்துக்கும் நல்லது தனித்தனி வகுப்பா? சேர்ந்த வகுப்பா?’ – ‘சேர்ந்த வகுப்பே!’ என்ற அணியின் மூன்றாவது பேச்சு)

     

நடுவர் ஐயா, பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதிரணியை ஒரு தடவை நல்லாப் பாருங்க. ஆணும் பெண்ணும் தனித்தனியா உட்கார்ந்து படிக்கிறதுதான் நல்லதுன்னு சொல்ல வந்தவங்க எப்படி உட்கார்ந்திருக்காங்க? அக்கா நடுவிலே, தம்பி இந்தப் பக்கம், பேராசிரியர் அந்தப் பக்கம்! தம்பிக்குப் பாயிண்ட் மறந்துபோச்சு. அக்காதான் சீட்டுல எழுதி நகர்த்தினாங்க. நான் பார்த்துட்டேன்! (சிரிப்பு) சேர்ந்து உட்கார்ந்தா என்ன நன்மைன்னு நான் சொல்ல வேண்டியதே இல்லை. எதிரணியே செய்து காட்டிட்டாங்க. நீங்க தீர்ப்பை எழுதிடலாம் ஐயா! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, தீர்ப்பு எழுதிட்டா எனக்குக் கொடுத்த நேரத்தை என்ன பண்றது? பேசுங்க. (சிரிப்பு)

பேசுறேன் ஐயா. எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்கலாமா?” அப்படின்னார். நான் முப்பத்தொரு வருஷமா கணக்கு டீச்சர். என் வகுப்பில் பஞ்சையும் பார்த்ததில்லை, நெருப்பையும் பார்த்ததில்லை. நாற்பது பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். காலையிலே சாப்பிடாம வந்த பசி இருக்கும். ஹோம்வொர்க் செய்யாத பயம் இருக்கும். அல்ஜீப்ரா நடத்தும்போது தூக்கம் இருக்கும். நெருப்புன்னு ஒண்ணு இருந்தா அது என் கண்ணிலே மட்டும்தான் இருக்கும்! (சிரிப்பு)

சரி, தம்பி சொன்னது மாதிரியே வைத்துக்கொள்வோம். அந்தப் பஞ்சும் நெருப்பும் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் பக்கத்துல இருக்குதா? டவுன் பஸ்ஸில் இல்லையா? டியூஷன் சென்டரில் இல்லையா? கோயில் திருவிழாவில் இல்லையா? இத்தனை இடத்திலும் சும்மா விட்டுவிட்டு, கையில் பிரம்போடு ஒரு டீச்சர் நிற்கிற ஒரே இடத்தில் மட்டும் பிரித்து வைக்கணும்னு சொல்றீங்களே, இது எந்த ஊர் நியாயம்? (கைதட்டல்)

அடுத்தபடியாக அக்கா. அவர்கள் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. பெண்கள் பள்ளி இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பெண் படித்திருக்கவே மாட்டாள் என்று உருக்கமாகச் சொன்னார்கள். அக்கா, அந்த இடத்தில் நான் உங்களை எதிர்த்துப் பேச மாட்டேன். கை எடுத்துக் கும்பிடுவேன். என் பாட்டி பள்ளிக்கூடம் பார்க்கவில்லை. என் அம்மா எட்டாவது வரை படித்தார்கள் என்றால் அது பெண்கள் பள்ளி இருந்ததால்தான். நானே பெண்கள் பள்ளியில் படித்தவள். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி 1914-ல் ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்களில் விளக்கு எரிந்திருக்காது.

ஆனால் அக்கா, அதே வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். சகோதரி சுப்பலட்சுமி என்று ஒரு தாய். இளம் வயதில் கணவனை இழந்த பெண்களைக் கூட்டி வைத்துப் படிக்க வைத்தவர். 1911-ல் பட்டம் வாங்கினார். எங்கே படித்தார்? மாநிலக் கல்லூரியில்! அது ஆண்கள் படித்த கல்லூரி. சென்னைப் பட்டணத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி அன்றைக்கு இல்லை. ஆண்களோடு உட்கார்ந்து படித்த ஒரு பெண்தான், பிறகு ஆயிரம் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

புதுக்கோட்டைக்கு வாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டார். என்ன எதிர்ப்பு தெரியுமா? ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்களாம்! நம்ம தம்பி சொன்ன பஞ்சும் நெருப்பும் அன்றைக்கே வந்துவிட்டது. (சிரிப்பு) மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். சேர்ந்தார். பையன்கள் யாரும் கெட்டுப் போகவில்லை. அந்தப் பெண் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் ஆண்கள் நிறைந்த சென்னைச் சட்ட மேலவையில் துணைத் தலைவராக உட்கார்ந்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே எழுந்து நின்று, தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தாரே, அந்தத் துணிச்சலுக்கு முதல் பயிற்சி எங்கே கிடைத்திருக்கும்? புதுக்கோட்டை வகுப்பறையில்தானே! (கைதட்டல்)

ஆகவே பெண்கள் பள்ளி என்பது வெள்ளத்தில் போட்ட பரிசல். அது கரை சேர்த்தது. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் பாலம் கட்டின பிறகும் பரிசலில்தான் போகணும் என்று அடம் பிடிக்கலாமா?

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். கணக்கு டீச்சரிடம் வந்து கணக்கில் கை வைத்துவிட்டார் பேராசிரியர் ஐயா! (சிரிப்பு) “பெண்கள் பள்ளிகளில் தேர்ச்சி எவ்வளவு தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் ஐயா. 2024-ல் வந்த பிளஸ் டூ முடிவையே எடுத்துக்கொள்வோம். பெண்கள் பள்ளிகளில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் தேர்ச்சி. அதோடு நிறுத்திவிட்டார். நான் அடுத்த வரியைப் படிக்கிறேன். தனிப் பள்ளி, சேர்ந்த பள்ளி எல்லாவற்றிலும் படித்த மாணவிகள் அத்தனை பேரையும் கூட்டிப் பார்த்தால் தேர்ச்சி 96.44. அதாவது என்ன அர்த்தம்? பெண் பிள்ளை தனியாகப் படித்தாலும் 96, சேர்ந்து படித்தாலும் 96! அவள் படிக்கிறவள். எங்கே உட்கார வைத்தாலும் படிப்பாள். (பலத்த கைதட்டல்)

இப்போது பையன்கள் கணக்கு. மாநிலத்தில் மாணவர்களின் மொத்தத் தேர்ச்சி 92.37. ஆண்கள் பள்ளிகளில் மட்டும் எவ்வளவு? 87-க்குப் பக்கம். ஐந்து குறைகிறது. பையனைத் தனியாக வைத்தால் பெண்ணுக்கு ஒன்றும் கூடவில்லை, பையனுக்குத்தான் குறைகிறது! நான் நேர்மையாகவே பேசுகிறேன். இந்த ஐந்துக்கும் தனிப் பள்ளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வறுமை இருக்கும், வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள், வேறு எவ்வளவோ இருக்கும். ஆனால் ‘பிரித்து வைத்தால் படிப்பு வளரும்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆராய்ச்சியையும் சொன்னார் ஐயா. நானும் சொல்கிறேன். 2014-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 21 நாடுகள், 184 ஆய்வுகள், 16 லட்சம் பிள்ளைகள். அத்தனையையும் ஒன்றாகப் போட்டு அலசினார்கள். குடும்ப வசதி, முன்பே நன்றாகப் படிக்கிற பிள்ளையா என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், தனி வகுப்பால் வருகிற லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று முடிந்தது. எதிரணிக்கு ஆதரவான ஒன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். தென் கொரியாவின் சியோல் நகரத்தில் 1974 முதல் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே தனிப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். வாங்கட்டும். ஆனால் இஸ்ரேல் நாட்டில் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? 2011-ல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு வகுப்பில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை கூடக் கூட, பையன்கள், பெண்கள் இரண்டு பேருடைய படிப்பும் உயர்கிறது. ஏன்? வகுப்பில் கூச்சல் குறைகிறது. ஆசிரியருக்குக் களைப்பு குறைகிறது. பிள்ளைகளுக்குள்ளும் ஆசிரியரோடும் உறவு நன்றாக இருக்கிறது.

ஐயா, இதுக்கு ஆராய்ச்சியே வேண்டாம். ஆண்கள் பள்ளியில் மத்தியானம் மூணு மணிக்குக் கணக்கு எடுத்த ஒரு டீச்சரைக் கேளுங்க. தொண்டையைத் தடவிக்கிட்டே பதில் சொல்லுவாங்க! (சிரிப்பு)

மதிப்பெண்ணை விடுங்கள். தலைப்பில் ‘மனத்துக்கும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே வருகிறேன்.

நான் ஒன்றாம் வகுப்பு முதல் கல்லூரி வரை பெண்களோடு மட்டும் படித்தவள். என் வீட்டுக்காரர் ஒன்றாம் வகுப்பு முதல் ஆண்களோடு மட்டும் படித்தவர். பெண் பார்க்க வந்தாங்க. ‘ரெண்டு பேரும் தனியாப் பேசுங்க’ன்னு பெரியவங்க மாடிக்கு அனுப்பினாங்க. அவரும் தரையைப் பார்த்தாரு, நானும் தரையைப் பார்த்தேன். அரை மணி நேரம். கீழே வந்ததும் எங்க அப்பா, “என்னம்மா, பிடிச்சிருக்கா?”ன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்: “தரை நல்லா இருக்குப்பா!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கல்யாணம் ஆகி ஆறு மாசம், அவருக்குக் காபி வேணும்னா எங்க மாமியார்கிட்டதான் சொல்லுவாரு. “அம்மா, காபி வேணும்னு சொல்லுங்கம்மா.” நான் பக்கத்துலதான் நிக்கிறேன்! (சிரிப்பு) இன்னைக்கு நாம சிரிக்கிறோம். ஆனால் பேசத் தெரியாத இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கோபம் வந்தால் எப்படிச் சொல்வது என்று தெரியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் எப்படிச் சொல்வது என்று தெரியாது. மாதத்தில் மூன்று நாள் நான் ஏன் சுருண்டு படுக்கிறேன் என்று பட்டப்படிப்பு படித்த அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை ஐயா. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

என் முதல் வேலையில் ஆசிரியர் கூட்டம். பதினான்கு ஆண்கள், இரண்டே பெண்கள். தலைமையாசிரியர் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்கிறார். எனக்குத் தப்பு என்று தெரிகிறது. பட்டத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். ஆனால் வாய் திறக்கவில்லை. பெண்கள் பள்ளியில் நான்தான் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அங்கே சிங்கம்! இங்கே வாயில் நாக்கு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். எதிர்த்துப் பேச வேண்டிய ஆள் எதிரில் இல்லாத இடத்தில் கற்றுக்கொண்ட துணிச்சல், அது நீச்சல் குளத்துக்கு வெளியே கற்ற நீச்சல்!

இன்றைக்கும் சில கல்லூரிகளில் என்ன செய்கிறார்கள்? ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு. ஒருவரோடு ஒருவர் பேசினால் அபராதம், பெற்றோருக்குக் கடிதம். நாலு வருஷம் தனிப் படிக்கட்டில் ஏறி, வேலைக்குப் போனால் கம்பெனியில் ஒரே லிஃப்ட்! (சிரிப்பு) ஏறுவதா, அடுத்ததுக்குக் காத்திருப்பதா என்று நம்ம பையன் முழிக்கிறான்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனமாகக் கேளுங்கள். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சுவர் கட்டினால் அது சுவர். இப்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் எங்கே சுவர் கட்டுவீர்கள்? பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து, தன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவதையும், தப்புப் போட்டு அழுவதையும், மறுநாள் சிரிப்பதையும் பார்த்து வளர்கிற பையனுக்குப் பெண் என்றால் ஒரு மனுஷி என்று தெரியும். அதைப் பார்க்காதவனுக்குப் பெண்ணைப் பற்றிச் சொல்லித் தரப் போவது யார்? நடுராத்திரியில் அந்தச் செல்போன்! எந்த வாத்தியார் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்க ஐயா. சொல்ல வந்ததே இனிமேல்தான்.

இதுவரை சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இது சிரிக்கிற விஷயம் இல்லை. என் தப்பு. இந்த மேடையில் சொல்லணும்னு நினைச்சுத்தான் வந்தேன்.

2003-ம் வருஷம். ஒரு சின்ன ஊர். சேர்ந்து படிக்கிற பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பு ஆசிரியை. ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். கணக்கில் அவள்தான் முதல். நான் போர்டில் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் காலையில் உள்ளே போகிறேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் அவள் பெயர். பக்கத்தில் ஒரு பையன் பெயர். நடுவில் ஒரு கூட்டல் குறி.

நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் அந்தக் கணக்குதான். நான் என்ன செய்தேன்? டஸ்டரை எடுத்தேன், அழித்தேன், ‘நோட்டை எடுங்க’ என்று பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாக்காமல் விட்டேனாம்! அடுத்த வாரமும் எழுதியிருந்தது. அழித்தேன். மூன்றாவது தடவை எழுதினபோது விஷயம் ஊருக்குள் போய்விட்டது. அவள் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. “டி.சி. கொடுத்துடுங்கம்மா. கேர்ள்ஸ் ஸ்கூல்ல சேர்த்துக்கிறேன்” என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். டி.சி.யை என் கையால்தான் எழுதினேன். ‘நன்னடத்தை: நன்று’ என்று எழுதினேன் ஐயா. நன்று! அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

பெண்கள் பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். சாயங்கால பஸ் வராத நாளில் இருட்டிவிடும். பத்தாவது வரை போனாள். அதோடு நின்றுவிட்டாள்.

நானும் ஊர் ஊராக மாறுதலாகி, மறுபடியும் அதே பள்ளிக்கு வந்தேன். 2018 ஜூன் மாதம், ஆறாம் வகுப்புச் சேர்க்கை. வரிசையில் ஒரு தாய், கையில் ஒரு பெண் குழந்தை. நிமிர்ந்து பார்க்கிறேன். அவள்தான்! எனக்குப் பேச்சு வரவில்லை. “இங்கேயாம்மா சேர்க்கிறே?” என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

“ஆமா டீச்சர். நடந்து வர்ற தூரம். பன்னெண்டாவது வரைக்கும் இருக்கு. என் பேரை எழுதினவன் இங்கேயே பிளஸ் டூ முடிச்சான் டீச்சர். எழுதினவன் படிச்சான், எழுதப்பட்ட நான்தான் வெளியே போனேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இவ பேரை எவனாவது போர்டுல எழுதினா, போர்டை மட்டும் அழிச்சிட்டுப் பாடம் நடத்தப் போயிடாதீங்க.”

(அரங்கில் அமைதி)

எதிரணி நண்பர்களே! ‘பிரித்து வைப்போம், பிரித்து வைப்போம்’ என்கிறீர்களே, பிரிப்பது என்றால் நடைமுறையில் யாரைப் பிரிக்கிறோம்? சீண்டினவனையா? இல்லை. சீண்டப்பட்டவளை! தப்பு செய்தவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒழுங்காகப் படித்தவள் டி.சி. வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். இதற்குப் பெயர் பாதுகாப்பா? (பலத்த கைதட்டல்)

அதற்கப்புறம் நான் மாறினேன். சும்மா பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதாது என்று புரிந்தது. வடிவியல் பாடத்துக்கு நாலு பேர் கொண்ட குழு. இரண்டு பையன், இரண்டு பெண். வாரத்துக்கு ஒருத்தர் தலைவர். பெண் தலைவராக இருக்கிற வாரம் பையன் கீழ்ப்படியணும், பையன் தலைவரானால் இவள் கேட்கணும். வகுப்பறை கூட்டுவது பெண்ணுக்கு, பெஞ்சு தூக்குவது பையனுக்கு என்பதை எடுத்தேன். எல்லோரும் கூட்டணும், எல்லோரும் தூக்கணும். முதல் நாள் துடைப்பத்தைப் பிடித்த ஒரு பையன், அதைக் கிரிக்கெட் மட்டை மாதிரி பிடித்தான்! (சிரிப்பு) ஒரு மாதத்தில் மூலை முடுக்கெல்லாம் கூட்டினான். அவன் அம்மா வந்து, “டீச்சர், வீட்டுலயும் தட்டைக் கழுவி வைக்கிறான், உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?” என்று கேட்டாங்க! (பலத்த சிரிப்பு)

இது என் ஒரு வகுப்புக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில், இரண்டரை ஆண்டுகள், ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். யார் சமைக்கணும், யார் படிக்கணும், யார் வேலைக்குப் போகணும் என்று. பிள்ளைகள் எண்ணம் மாறியது. பையன்கள் வீட்டு வேலையில் கை கொடுத்ததாகச் சொன்னார்கள். முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது. பெண்ணைப் பற்றிப் பையனோடு பேச வேண்டும், பையனைப் பற்றிப் பெண்ணோடு பேச வேண்டும். சேர்ந்த வகுப்பில் இரண்டு பேருமே எதிரில் இருப்பார்கள். பாதிப் பேர் இல்லாத வகுப்பில் பாதிப் பேச்சுத்தானே நடக்கும்?

அந்தத் தாயின் மகள் ஒன்பதாவது படிக்கும்போது, மறுபடியும் அந்தக் கூட்டல் குறி வந்தது. அவள் பெயர் இல்லை, வேறொரு பெண் பெயர். இந்தத் தடவை நான் டஸ்டரைத் தொடவில்லை. பாடப் புத்தகத்தை மூடச் சொன்னேன். “இதைப் படித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தரும் ஒரு தாளில் எழுதுங்க” என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு விம்மல் சத்தம். யார் என்று பார்த்தால், கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம் பெயர் இருந்த பையன்! அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அவனும் வீட்டுக்குப் போக பயந்துகொண்டிருக்கிறான். 2003-ல் அந்தப் பக்கத்துப் பையன் முகத்தை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதினவன் சாயங்காலம் தானாக வந்து ஒப்புக்கொண்டான். வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். பெண் வீட்டுக்கு இல்லை, எழுதினவன் வீட்டுக்கு! அந்தப் பெண் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். (நீண்ட கைதட்டல்)

பெற்றோர்களே, உங்கள் பயம் நியாயமானது. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பூட்டுப் போடுகிற தனிக் கழிப்பறை, தண்ணீர் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். புகார் சொன்னால் கேட்கப் பெண் ஆசிரியை இருக்கிறாரா என்று கேளுங்கள். ‘மாணவர் மனசு’ பெட்டி சுவரில் தொங்கினால் மட்டும் போதாது, அதைத் திறந்து படிக்கிறார்களா என்று கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பையனுக்கும் பெண்ணுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள். 2022 ஜூலையில் கேரளத்தின் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆண் பள்ளி பெண் பள்ளி என்ற பிரிவே வேண்டாம் என்று உத்தரவு போட்டபோதுகூட, முதலில் கழிப்பறை முதலான வசதியைச் சரி செய்யுங்கள், பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னது. வசதி இல்லை என்றால் வசதியைக் கேட்போம். அதற்காகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடலாமா?

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிச்சிடுறேன் ஐயா. அந்தத் தாயின் மகள் 2025-ல் அதே பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். அம்மா பாதியில் விட்டுப் போன வாசல் வழியாக மகள் முழுப் படிப்போடு வெளியே வந்தாள். அன்றைக்கு அவளுடைய டி.சி.யிலும் ‘நன்னடத்தை: நன்று’ என்று எழுதினேன். இந்தத் தடவை என் கை நடுங்கவில்லை.

கணக்கில் கூட்டல் குறிக்கு ஒரே அர்த்தம்தான் ஐயா. இரண்டு பேரும் சேர்ந்தால் பலம் அதிகம். அதை அசிங்கமாக்கியது பிள்ளைகள் இல்லை. பார்த்தும் பார்க்காமல் அழித்துவிட்டுப் போன என்னைப் போன்ற பெரியவர்கள். பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம். நாம் பக்கத்தில் இருப்போம். சேர்ந்து உட்காரட்டும், சேர்ந்து படிக்கட்டும், சேர்ந்து மனிதர்களாகட்டும் என்று கூறி, படிப்புக்கும் மனத்துக்கும் நல்லது சேர்ந்த வகுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்க நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)